பை இருக்கும் வண்டியில் ஆளும் இருக்கணும்

1

போன வாரம் பேருந்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனைப் பயமுறுத்திவிட்டேன்.

இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் நான் வேலைக்குப் போகும் பேருந்து காலையில் நிரம்பித்தான் வரும். அன்று எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. சீருடை போட்ட பையன் ஒருவன் முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை என்று தொங்கவிட்டபடி, வண்டி திரும்பும்போதெல்லாம் என் மேல் சாய்ந்துகொண்டிருந்தான். நான் யோசிக்கவே இல்லை. இரண்டு கைகளையும் நீட்டினேன். போடியிலிருந்து தேனிக்குக் கல்லூரி போய்வந்த காலம் முழுக்க என் கைகளுக்குப் பழகிய வேலை அது. உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு யாரும் யாரையும் கேட்பதில்லை, நன்றியும் சொல்வதில்லை.

பையன் தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். கம்பியை விட்டதால் தடுமாறி ஒரு பெரியவரின் காலை மிதித்தான். எதிர் இருக்கைப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் விளக்கப் போக, அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதி தூரத்தை நடந்தேன்.

அலுவலகத்தில் இதை வேடிக்கையாகச் சொன்னேன். என் மேலாளர் ஹெலன் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே, யாரிடமும் பை வாங்காதே, யாரிடமும் கொடுக்காதே என்பதுதானே நிஷா?"

உண்மைதான். என் சம்பளமே அதற்குத்தான். இங்கே போதைப்பொருள் விற்கும் கும்பல்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்து, பொட்டலங்களை ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுபோக வைக்கின்றன. அப்படிச் சிக்கிய பிள்ளைகளுக்கும் சிக்கக்கூடிய பிள்ளைகளுக்கும் உதவும் ஒரு சிறு அமைப்பில் நான் வடிவமைப்பாளர். விழிப்புணர்வு அட்டை, சுவரொட்டி, கைபேசித் திரை என்று எதைச் செய்தாலும் அந்தப் பிள்ளைகளையும் உட்கார வைத்துத்தான் செய்வோம். படித்தது கணினிப் பொறியியல். கற்றுக்கொண்டது, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி "இத எவளும் படிக்க மாட்டா" என்று முகத்துக்கு நேரே சொன்னால் அழாமல் குறித்துக்கொள்வது.

ஆனால் அன்று காலை நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறொரு பெண்ணை. அவளுடைய மடியிலும் ஒரு பை இருந்தது.

2

அவள் பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குறிப்புக்காக அவளே தேர்ந்தெடுத்த பெயர் இது. எழுதியதைக் கைபேசியில் படித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன்.

செல்வியின் அம்மா போடிமெட்டுக்கு மேலே, கேரளத்துப் பக்கம், ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறார். வீடு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று. செல்வி போடியில் விடுதியில் தங்கி மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு. போடி ஜீப்பைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் இடம் இல்லை என்று யாரும் யாரிடமும் சொன்னதாக வரலாறு இல்லை. உள்ளே இருப்பவர்கள் மடியில் பைகள், பைகளுக்கு மேல் பிள்ளைகள். பின்னால் தொங்குகிறவர்கள் தங்கள் பையை உள்ளே நீட்டிக்கொண்டே ஏறுவார்கள். யாரோ ஒருவர் வாங்கிக்கொள்வார்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை செல்வி அப்படி ஒரு பையை வாங்கினாள். மேலே சோதனைச் சாவடியில் அதைப் பிரித்தபோது உள்ளே கஞ்சா இருந்தது.

சிறார் குழுமம் அவளைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை, எச்சரித்து வீட்டுக்கு அனுப்பியது. ஊர் விடவில்லை. பள்ளியில் அவளைத் திரும்பச் சேர்க்கத் தயங்கினார்கள். அந்தத் தோட்டத்துக் காயை வாங்கும் வியாபாரி என் அத்தா; எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். செல்வியின் அம்மா எங்கள் கடை வாசலில் வந்து நின்றபோது அத்தா சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்ப் பேசினார். சேர்த்துக்கொண்டார்கள். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார யாருமில்லை. "கேசுப் பிள்ள" என்பது அவள் பெயராகிவிட்டது.

இதையெல்லாம் அத்தா ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில், ஏலக்காய் விலைக்கும் அம்மாவின் முட்டி வலிக்கும் நடுவே சொன்னார். நான் ஹெலனிடம் போனேன். வெளிநாட்டில் ஓர் ஊருக்கு ஏற்ப நம் அட்டைகளை மாற்றிச் செய்து பார்க்கும் திட்டம் ஒன்று காகிதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊர் போடியாக இருக்கட்டும் என்றேன்.

அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "போடின்னு சொன்னா ஏலக்கா மணக்கணும் தாயி. நீ கஞ்சாவ மணக்க வைக்கப் போறியா?"

"அது மணந்துக்கிட்டுத்தான்த்தா இருக்கு. நாம மூக்கப் பொத்தியிருக்கோம்."

"லண்டனுக்குப் போயி வாய் மட்டும் நல்லா வளந்திருக்கு," என்றார். ஷெஃபீல்டு லண்டன் இல்லை என்பதை நான் எங்கள் வீட்டில் விளக்குவதை விட்டு நாளாகிவிட்டது.

3

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைக்கும் மாதத்தில் விடுப்பு எடுத்துப் போனேன். பள்ளி அறை தரவில்லை. எங்கள் கடைக்கு மேலே, சாக்கு அடுக்கும் அறையைக் கூட்டிப் பெருக்கினோம். கீழே பெண்கள் காய் பொறுக்க, மேலே நாங்கள் பாயில். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லாருமே அந்த ஜீப்புகளில் ஏறி இறங்குகிற பிள்ளைகள். செல்வி கதவோரம் உட்கார்ந்தாள். நடுவில் அப்பாஸ். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஜீப் பட்டறையில் வேலை பார்ப்பவன். அவன் இருக்கும் இடத்தில் அடுத்தவருக்குப் பேச வாய்ப்பு குறைவு.

நான் இங்கிலாந்து அட்டையைத் தமிழில் பெயர்த்து எடுத்துப் போயிருந்தேன். அப்பாஸ் முதல் வரியைச் சத்தமாக வாசித்தான். "அறிமுகமில்லாதவர் தரும் பையை வாங்காதே." வாசித்துவிட்டுப் பாயில் உருண்டு சிரித்தான்.

"அக்கா, இத ஜீப்புல ஒட்டுனா ஒரு பய ஏற முடியாது. எம் மடியில எப்பவும் ஊராரு பைதான். ஒருக்கா கோழி இருந்துச்சு."

"யாரு கோழின்னு தெரியுமா?"

"கோழிக்கே தெரியாதுக்கா."

எல்லாரும் சிரித்தார்கள், செல்வியைத் தவிர. "எங்கிட்டப் பையக் குடுத்த அண்ணன் அறிமுகமில்லாத ஆளு இல்லக்கா," என்றாள். "ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கிக் குடுப்பாரு. எங்கம்மாவுக்குக் காய்ச்சல்னு சொன்னதுக்கு லயம் வரைக்கும் போயி மாத்திர குடுத்துட்டு வந்தாரு. எம் பொறந்தநாளு ஹாஸ்டல்ல யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்."

அட்டையின் கடைசி வரியை அப்பாஸ் மெதுவாக வாசித்தான். "சந்தேகம் வந்தால் நீங்கள் நம்பும் பெரியவரிடம் சொல்லுங்கள்."

"அவருதான்க்கா அது," என்றாள் செல்வி.

அந்த அட்டையைச் சுருட்டி என் பைக்குள் வைத்தேன். பிறகு அதை வெளியே எடுக்கவில்லை.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்தால் எல்லாம் தானாகப் பூத்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களுடைய முதல் சுவரொட்டி படுமோசம். மண்டை ஓடு, சிவப்பு மை, சிங்கம் மாதிரி ஒரு காவலர், கையில் விலங்கோடு ஒரு பிள்ளை. அப்பாஸ் வரைந்தது. செல்வி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

அப்பாஸ் விலங்கு போட்ட பிள்ளையிடம் விரலைக் கொண்டுபோனான். பாதியில் நிறுத்தி, தாளைக் கசக்கினான். "சாரி," என்றான். "சாரமில்ல," என்றாள் அவள், மலைக்காரர்கள் மலையாளத்தில் பரவாயில்லை என்பதைச் சொல்கிற மாதிரி. ஆனால் அதற்குப் பிறகு அவள் கதவோரத்திலிருந்து நடுப்பாய்க்கு வந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளே அன்று நடந்ததைச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. "முந்தல்ல, மலையேறுறதுக்கு முன்னாடி வண்டி நின்னுச்சு. அண்ணன் வெளியில நின்னு பைய உள்ள குடுத்தாரு. 'வண்டி நெறஞ்சிருக்கு பாப்பா, நான் பின்னாடியே பைக்குல வர்றேன், மேல வந்து வாங்கிக்கிறேன்'னாரு. வாங்கி மடியில வச்சேன்."

அப்பாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப அவன் வண்டியிலயே இல்லயா? அது எப்படிச் செல்லும்? நிக்கிறவன் பையத்தான நாம வாங்குவோம்? அவன் நிக்கவே இல்லயே, போயிட்டானே!"

அவ்வளவுதான். நாங்கள் தேடிய விதி அந்தப் பழக்கத்துக்குள்ளேயே இருந்தது. பை வாங்குவது ஊரின் மரியாதை. அந்த அண்ணன் அந்த மரியாதையைத்தான் திருடினான். அதை விட்டுவிடச் சொல்லி நாங்கள் ஏன் அட்டை அடிக்க வேண்டும்? சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டு முதல் வரியை எழுதினார்கள். "பை இருக்கும் வண்டியில் ஆளும் இருக்கணும்."

இரண்டாவது வரி செல்வியுடையது. பை மடிக்கு வந்த பிறகு சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவள் விரல் மடக்கினாள். சாவடியில் கேட்டார்கள், ஜீப்பில் இருந்தவர்கள் கேட்டார்கள், விடுதி வார்டன் கேட்டார், அம்மா கேட்டார். எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி. ஏன் வாங்குன?

"அந்தக் கேள்வி வரும்னு தெரிஞ்சா எந்தப் பிள்ளையும் வாயத் தெறக்காதுக்கா." எழுதி என்னிடம் நீட்டினாள். "'ஏன் வாங்குன'ன்னு முதல்ல கேக்காத ஆளாப் பாத்து உடனே சொல்லு."

நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

4

போடியில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஷெஃபீல்டுக்குக் காணொளிக் கூட்டம். காற்றில் கொடித்துணி படபடக்க, திரையில் ஹெலனும் நிதி தருகிறவர்கள் இருவரும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களிடம் அங்கீகரிக்கப்பட்ட சொற்றொடர்கள் உண்டு, அவற்றைக் காப்பாற்றுவது அவர்கள் பொறுப்பு. 'நம்பிக்கைக்குரிய பெரியவர்' என்பது அவற்றில் ஒன்று. அது எல்லா அட்டையிலும் இருக்க வேண்டுமாம். அவள் நம்பிய பெரியவரே பையைக் கொடுத்தவர் என்று செல்வி சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிறகு ஒருவர், அந்தப் பெண்ணின் படம் அறிக்கைக்கு வேண்டும் என்றார். முகம் தெரியாமல், பின்னாலிருந்து எடுத்தால் போதுமாம். மலைகள் தெரிந்தால் இன்னும் அழகு என்றார்.

"போடியில் பின்னலைப் பார்த்தே யார் வீட்டுப் பெண் என்று சொல்லிவிடுவார்கள்," என்றேன். "அவள் வடிவமைப்பாளர். என் படத்தை யாரும் பின்னாலிருந்து கேட்டதில்லை."

ஹெலன் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். படம் பற்றிய பேச்சு அதன் பிறகு வரவில்லை. இரண்டாவது வரி நிற்கட்டும் என்று அவர்தான் வாதாடினார்.

இங்கிலாந்தில் உள்ள நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாரக் கடைசியில் நான் உதவிக்குப் போகும் தமிழ்ப் பள்ளியில், என் வேலையைக் கேள்விப்பட்ட ஒரு தகப்பனார், "நம்ம பிள்ளைகளுக்கு அதெல்லாம் வராதும்மா, வளர்ப்பு அப்படி," என்றார். அவர் மகன் பக்கத்தில்தான் நின்றான். காலில் புது ஷூ, காதில் இயர்போன், அப்பா பேசும் தமிழ் பாதிதான் புரியும். "ஷூ நல்லா இருக்கு. யார் வாங்கித் தந்தா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ஃப்ரெண்ட்," என்றான். தகப்பனார் திரும்பிப் பார்த்தார். கும்பல்கள் முதலில் தருவது இப்படிப் பரிசுகளைத்தான். இது வெறும் பிறந்தநாள் பரிசாகவும் இருக்கலாம். ஆனால் எந்த நண்பன் என்று அவருக்குத் தெரியவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது.

5

ஒட்டும் தாள்கள் அச்சாகி வந்ததும் பள்ளித் தாளாளரிடம் போனோம். அத்தா, நான், செல்வி. தேநீர் வந்தது. வாசித்துப் பார்த்தார்.

"ரொம்ப நல்ல முயற்சிம்மா. ரெண்டே ரெண்டு திருத்தம். இந்த ரெண்டாவது வரி பெரியவங்களக் குத்துற மாதிரி இருக்கு. 'ஆசிரியரிடமோ காவல் துறையிடமோ தெரிவிக்கவும்'னு போட்ருவோம். இன்னொன்னு..." செல்வி இருந்த நாற்காலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். "அறிமுக விழாவுல இந்தப் பிள்ளை வேணாம். செஞ்சது இவதான்னும் வெளிய சொல்ல வேணாம். மத்த பெத்தவங்க என்ன நெனைப்பாங்க?"

இந்த இரண்டுக்கும் பதிலாக அவர் தரத் தயாராக இருந்தவை: பள்ளி அரங்கம், எல்லா வகுப்பறைச் சுவர்களும், அவருக்கு வேண்டிய மற்றப் பள்ளிகள், அச்சுக்கூலி. நான் பட்டியல் போட்டே பழகியவள். மனதுக்குள் கோடு கிழித்து இடப்பக்கம் எழுதிப் பார்த்தேன். நீண்டுகொண்டே போனது. அது சின்ன விஷயம் இல்லை. எத்தனையோ பிள்ளைகள் அதை ஒவ்வொரு நாளும் பார்ப்பார்கள்.

செல்வியும் அதே கணக்கைப் போட்டிருக்க வேண்டும். என் காதருகே வந்தாள். "நான் வெலகிக்கிறேன்க்கா. நெறையப் பேருக்குப் போயிச் சேரும்ல?"

வலப்பக்கம் ஒரே ஒரு வரிதான் இருந்தது. இவளை மறைத்துவிட்டு ஒட்டினால், மாட்டிக்கொண்ட பிள்ளையை இந்த ஊர் என்ன செய்யும் என்பதையும் அதே சுவரில் சேர்த்து ஒட்டியதாகிவிடும்.

"செஞ்சவங்க வேணாம்னா செஞ்சதும் வேணாம் சார்," என்றேன்.

"ஒரு பிள்ளைக்காக அத்தன பிள்ளைகள விடுறீங்களே?"

"அத்தன பிள்ளைகள்ல ஒண்ணு, நாளைக்கு ஒரு பையோட நடுங்கிக்கிட்டு உங்க முன்னாடி வந்து நிக்குதுன்னு வைங்க. மொதல்ல என்ன கேப்பீங்க?"

"ஏன் வாங்குனன்னு விசாரிக்கத்தானம்மா வேணும்?"

செல்வி தேநீர் டம்ளரை மேசையில் வைத்தாள். "அதுக்குத்தான் சார் அந்த வரி," என்றாள்.

தாளாளர் எழுந்துகொண்டார். நாங்களும் எழுந்தோம்.

திரும்பும் வழியில் அத்தா எங்களுக்கு முன்னால் நடந்தார். கடை கண்ணுக்குத் தெரிந்த பிறகு, "அந்தாளு இனிமே நம்மகிட்டக் காய் வாங்க மாட்டாரு," என்றார். கொஞ்சம் நடந்தார். "வாங்காமப் போகட்டும். எப்பவும் மட்டக் காயத்தான் கேப்பாரு."

6

பள்ளி இல்லை என்றானதும் அப்பாஸ் எங்களை நேரே ஜீப் நிறுத்தத்துக்குக் கூட்டிப் போனான். "சுவருல ஒட்டி என்னக்கா புண்ணியம்? பை ஏறுற எடத்துல ஒட்டுவோம்."

முதல் வண்டியின் ஓட்டுநரைச் சேகர் என்று குறிப்பிடுகிறேன். தாளை வாங்கிப் படித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. "என் வண்டியக் கஞ்சா வண்டின்னு எழுதி ஒட்டப் போறீகளா? சோலியப் பாத்துக்கிட்டுப் போங்க. லோடு ஏத்தணும், வெரசா நகருங்க."

செல்வி நகரவில்லை. "ஒங்க வண்டியில இருந்துதாண்ணே என்னய எறக்குனாங்க."

சேகர் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"நீங்க கூடக் கேட்டீங்க. 'ஏன்டி வாங்குன, என் வண்டியில்ல மாட்டிக்கிருச்சு'ன்னு." குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

தோட்டத்துக்குப் போகும் பெண்கள் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். சேகர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், தேவையில்லாமல் ஒரு சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கத் தகரத்தில் படிந்திருந்த தூசியை அதே துண்டால் துடைத்தார்.

"சரி, ஒட்டு. கோணலா ஒட்டுன, பிச்சு எறிஞ்சுருவேன்."

செல்வி ஒட்டினாள். அப்பாஸ் ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்த்தான். எனக்குக் கொஞ்சம் கோணலாகத்தான் தெரிந்தது. சேகர் பிய்க்கவில்லை. மற்ற வண்டிக்காரர்களில் சிலர் வாங்கிக்கொண்டார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நான் இங்கே திரும்பி வந்த பிறகு செல்வியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் ஜீப் உறுமல். "அக்கா, முந்தல்ல ஒரு ஆளு சாக்குப்பையக் குடுத்துட்டு, பைக்குல வர்றேன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. ஒரு அக்காதான் கேட்டாங்க, 'ஆளு எங்கப்பு ஒக்காரப் போற?'ன்னு. அப்பறம் வண்டியே கேட்டுச்சு. அந்தாளு பைய வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. உள்ள என்ன இருந்துச்சோ தெரியாது. பலாப்பழமாக்கூட இருக்கலாம்." ஒரு சிரிப்பு. "பலாப்பழமா இருந்தா நமக்குத்தான் நட்டம்."

பேருந்தில் அந்தப் பையனை மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடியும் கை நீட்டுவேன். அவன் வேண்டாம் என்றால் சரி. நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், அவனும் இங்கேதான் நிற்கிறான், பை எங்கள் இருவர் கண்முன்னேயே இருக்கும். அந்தப் பழக்கத்தை யாரோ ஒரு திருடனுக்காக விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கில்லை.

நேற்று தாளாளரிடமிருந்து மின்னஞ்சல். ஜீப்புகளில் பார்த்துவிட்டுப் பெற்றோர் சிலர் கேட்கிறார்களாம். முதல் வரியை மட்டும் அச்சிட்டுத் தர முடியுமா, வடிவமைத்தவர் யார் என்ற குறிப்பு இல்லாமல்? நான் பதில் எழுதவில்லை. பதில் என்னுடையது இல்லை. செல்விக்கு அனுப்பினேன். விடுதியில் கைபேசி கிடைக்கும் நேரம் வந்ததும் கூப்பிட்டாள்.

"பாதிய மட்டும் ஒட்டுனா உரிஞ்சு வந்துரும்க்கா. வேணும்னா முழுசா ஒட்டச் சொல்லுங்க."

அதை அப்படியே தட்டச்சு செய்து, கீழே அவள் சொன்னபடி 'வடிவமைப்பாளர்கள் சார்பில்' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.